பக்கம் புரட்டினால் கடல் நகரும்

பழைய பாண்டியர் துறைமுகமான கொற்கையைக் குழந்தைகள் படப்புத்தகத்துக்கு வரையச் சொன்னால் ஓவியர்கள் கப்பலைத்தான் வரைவார்கள். கரை நிறைய யவனர்கள், முத்துக் குவியல். நாலு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு ஆகாது. ஒரு பக்கத்துக்கு ஒரு சங்கதி போதும். அம்புலிமாமா பத்திரிகையில் ஓவியர் சங்கர் மூலைமுடுக்கெல்லாம் வரைந்து நிரப்பினார் என்றால், அது வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு. மடியில் உட்கார்ந்து கதை கேட்கிறதுக்கு ஓவியர் புலக் பிஸ்வாஸ் வழிதான் தோது. தாரா பதிப்பகம் வெளியிட்ட, அவர் படம் வரைந்த புலிப் புத்தகத்தில் கறுப்பும் ஆரஞ்சும்தான் வண்ணம்.

கொற்கையில் வரைய வேண்டியது கடல் போன கதை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை கிழக்கே தள்ளிப்போக, பாண்டியர் துறைமுகம் இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி நிலத்துக்குள்ளே, வாழைக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கிறது. இதைச் சொல்ல எழுத்தே வேண்டாம். படப்புத்தகம் வழக்கமாக 32 பக்கம், அதாவது இரண்டு பாரம். வலது கைப்பக்கம் கிழக்கு என்று வைத்துக்கொண்டு, புரட்டப் புரட்ட நீலம் அந்த ஓரத்துக்கு ஒதுங்கட்டும். இடது பக்கமிருந்து முதலில் பழுப்பு வரட்டும், அப்புறம் பச்சை.

ஊரில் ஒரு பழைய வன்னி மரம் நிற்கிறது. ஈராயிரம் வயது என்பார்கள். வயது எப்படியோ போகட்டும், புத்தகம் முழுக்க அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் நகர்ந்தது கடல் என்று பிள்ளைக்குப் பிடிபடும். மரத்தை நட்டநடுவில் மட்டும் வைக்கக் கூடாது, பைண்டிங் மடிப்பு விழுங்கிவிடும்.

முத்துக்கு வெள்ளை வண்ணமே எடுக்க வேண்டாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள். சுற்றிலும் சாம்பல் கலந்த நீலத்தை ஈரத்தோடு ஓடவிட்டு, நடுவில் வட்டத்தைத் தொடாமல் விட்டால் முத்து தானாக வந்துவிடும். அதன்மேல் போஸ்டர் கலர் வைத்தால் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

முத்துக் குளிப்பவர் முகம்தான் சிக்கல். கொற்கைக் கடலில் தண்டனை பெற்றவர்களை இறக்கி முத்தெடுத்தார்கள் என்கிறது முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான பெரிப்ளூஸ். நாலு வயதுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அவரைச் சிரிக்கவைத்து வரைவதும் எனக்குச் சம்மதமில்லை. தண்ணீருக்குள் முதுகு தெரிய வரைந்தால் போதும்.

பதிப்பகத்தார் ராஜா எங்கே என்று கேட்கத்தான் செய்வார்கள். அவருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் கடல் நகர இடம் பத்தாது. படகுக் கொடியில் பாண்டியர் சின்னமான ஒரு மீனைப் போட்டுச் சமாளிக்கலாம்.