கண்ணின் அளவுத் தாளும் ஒரு மருந்துச் சீட்டே

பார்வை மங்கினால் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்பதே பெரும்பாலான குடும்பங்களில் எழும் முதல் எண்ணம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை பவர் மாறினாலும், பிள்ளை கைப்பேசியை அதிகம் பார்ப்பதுதான் காரணம் என்று கருதி, அடுத்த கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர். கண்ணின் வடிவமே மாறிக்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுவதற்குள் சில ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்தத் தாமதத்தில் இழக்கும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்க முடியும். அதற்கு, கண்ணின் வடிவத்தை அளக்கும் பரிசோதனை உரிய வயதில் நடைபெற வேண்டும். அதில் கிடைத்த அளவுகள் நோயாளியின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிக்கும் பணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது, கார்னியா எனப்படும் கருவிழிப் படலம். அதன் நடுப்பகுதியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர் மட்டுமே. கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயில் இந்தப் படலம் மெல்ல மெல்ல மெலிந்து, முன்னோக்கிக் கூம்புபோல் புடைக்கிறது. இந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பது வயதைக் கடந்தும் சிலருக்கு வளர்கிறது. தொடக்கத்தில் வலியோ சிவப்போ இராது. சிலிண்டர் பவர் மட்டும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் எந்தக் கண்ணாடியாலும் எழுத்துகள் தெளிவாகத் தெரியா.

இதை முன்கூட்டியே அறியும் வழி எளிதில் கிடைத்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கருவிழியில் விழும் பிரதிபலிப்பைக் கொண்டு அதன் வளைவை அளக்கும் கருவியை உருவாக்கினார். அவ்வகைக் கருவிகள் நடுவிலுள்ள சுமார் 3 மில்லிமீட்டர் வட்டத்தில் சில புள்ளிகளை மட்டுமே அளந்தன. 1880-ஐ ஒட்டி, போர்த்துக்கீசிய மருத்துவர் பிளாசிடோ கறுப்பு வெள்ளை வளையங்கள் தீட்டிய தட்டு ஒன்றைப் பயன்படுத்தினார். சீரான கருவிழியில் அவ்வளையங்கள் வட்டமாகத் தெரியும். கோணிய கருவிழியில் நெளிந்து தெரியும். பின்னாளில் கணினி அந்த வளையங்களைப் படித்து, மேடு பள்ளங்களை வண்ண வரைபடமாகத் தந்தது. அதுவே டோபோகிராபி. எனினும் அது காட்டியது கருவிழியின் முன்பரப்பை மட்டுமே.

வான்வழிப் புகைப்படங்களைத் திருத்துவதற்காக ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஷைம்ஃப்ளக் 1904-இல் காப்புரிமை பெற்ற ஒளியியல் நெறி, இன்று கண் மருத்துவத்தில் பயன்படுகிறது. அந்நெறியில் இயங்கும் கேமரா கண்ணின் முன் சுழன்று, கருவிழியைக் குறுக்குவெட்டுப் படங்களாக எடுக்கிறது. 1991-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஓ.சி.டி. முறையும் ஒளியைக் கொண்டே அத்தகைய படங்களைத் தருகிறது. இதனால் கருவிழியின் பின்பரப்பையும், ஒவ்வோர் இடத்தின் தடிமனையும் கண்ணைத் தொடாமலேயே அளக்க முடிகிறது. கூம்புக் கருவிழி நோயின் தொடக்க அடையாளங்கள் பல வேளைகளில் அங்கேதான் முதலில் தென்படுகின்றன. கண்ணாடியால் முழுப் பார்வையும் கிடைக்கும் காலத்திலேயே நோயைக் கண்டறியும் வாய்ப்பு இவ்வாறு உருவாகியுள்ளது.

இந்த வாய்ப்பின் அருமை சிகிச்சையின் இயல்பில் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கிராஸ் லிங்க்கிங் முறையில், ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் சொட்டு மருந்தை இட்டு, புற ஊதா ஒளியைச் செலுத்திக் கருவிழியை உறுதிப்படுத்துகின்றனர். பெரும்பாலானோருக்கு நோயின் வளர்ச்சியை இது நிறுத்துகிறது. ஆயினும், இழந்த பார்வையை முழுமையாக மீட்டுத் தருவது இதன் பணியன்று. வழக்கமான முறையில் இதைச் செய்யக் கருவிழி 400 மைக்ரானுக்குக் குறையாத தடிமனோடு இருக்க வேண்டும். ஆகவே, காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் சிகிச்சைக்கான இடத்தைச் சுருக்கிவிடலாம்.

நோய் வளர்கிறதா, நிலையாக நிற்கிறதா என்பதை ஒரே ஓர் அளவு சொல்லாது. சென்ற ஆண்டின் அளவும் இந்த ஆண்டின் அளவும் அருகருகே இருந்தால்தான் மருத்துவர் துணிந்து முடிவெடுக்க முடியும். முதல் தாள் தொலைந்துபோனால், மீண்டும் சில மாதங்கள் காத்திருக்க நேரிடும். அந்த மாதங்களில் நோய் காத்திராது.

முதியோருக்கும் இது பொருந்தும். 1949-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அந்த லென்ஸின் பவர் கண்ணுக்கு ஒவ்வாத அளவு மிகுந்திருந்ததால், நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், லென்ஸ் கணக்கில் சுமார் இரண்டரை முதல் மூன்று டையாப்டர் வரை தவறும். இன்று ஒளிவழி அளவீடு இப்பிழையைப் பெரிதும் குறைத்துள்ளது. எனினும், இளமையில் லேசர் சிகிச்சையால் கண்ணாடியைத் தவிர்த்தவர்களின் கருவிழி வடிவம் மாற்றப்பட்டிருப்பதால், வழக்கமான கணக்குகள் அவர்களிடம் தடுமாறும். லேசருக்கு முன் எடுத்த அளவுத் தாள், இருபது ஆண்டுகள் கழித்துக் கண்புரை அறுவையின்போது பேருதவியாக அமையும்.

எல்லோருக்கும் இப்பரிசோதனை வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. செலவைக் கருதியும் இதைச் சொல்கிறோம். சிலிண்டர் பவர் அடிக்கடி மாறும் இளையோர், ஒவ்வாமையால் கண்ணை ஓயாமல் கசக்கும் பிள்ளைகள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கூம்புக் கருவிழி உள்ளவர்கள், லேசர் சிகிச்சையை நாடுவோர் ஆகியோருக்கு இது தேவை. இவர்கள் மருத்துவரிடம் தாமாகவே கேட்கத் தயங்க வேண்டாம்.

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அளவு சரியாக அமைவதில் நோயாளிக்கும் பங்குண்டு. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றும். மென்மையான லென்ஸை ஓரிரு வாரங்களும், கடினமான லென்ஸை மருத்துவர் கூறும் நீண்ட காலமும் நிறுத்திய பின்னரே அளக்க வேண்டும். உலர்ந்த கண்ணிலும் அளவு பிறழும். 'மறுபடியும் அளக்கிறார்களே' என்று சலிப்படைய வேண்டாம். இரண்டு அளவுகள் ஒத்துப்போவதே நம்பிக்கைக்கு ஆதாரம். வெவ்வேறு வகைக் கருவிகளின் எண்களை அப்படியே ஒப்பிடவும் இயலாது. தொடர் பரிசோதனையை இயன்றவரை ஒரே வகைக் கருவியில் செய்துகொள்வது நல்லது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு கடமை உண்டு என்று கருதுகிறோம். அளவு எடுத்த நாளும் கருவியின் பெயரும் குறித்த அச்சுப் படியை, கேட்காமலேயே நோயாளிக்குத் தர வேண்டும். அதன் பொருளை எளிய தமிழில் விளக்க வேண்டும். அளவு நோயாளியின் கண்ணுக்கு உரியது. ஆகவே அவருக்கே உரியது. வீட்டுப் பத்திரங்களோடு அந்தத் தாளையும் ஓர் உறையில் இட்டு வையுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்தக் கண் மருத்துவரிடம் சென்றாலும், பழைய கண்ணாடிச் சீட்டுகளோடு அதையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.