பேருந்து நிற்காத இடம்

சென்னையின் வரலாற்றை ஒரே நாளில் காட்டுவதாகச் சொன்ன சுற்றுலாப் பேருந்தில் என் மாணவிகளோடு போனேன். கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் 1753இல் ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்த கதையைச் சொல்ல வழிகாட்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மணப்பெண்ணின் பெயரைக் கேட்டோம். தெரியவில்லை. மார்கரெட் மாஸ்கலின் என்று நான்தான் சொன்னேன்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை. பாறையைப் புரட்டும் நான்கு பேரும் ஆண்கள். இந்த நகரத்துக்குக் கல் சுமந்த சித்தாள்கள் எங்கே போனார்கள்? அடுத்து கண்ணகி. "கற்புக்கரசி" என்றார், ஒரே சொல்லில். அரசவை ஏறி வழக்காடி மன்னனைத் தோற்கடித்தவளை, கையில் சிலம்போடு நிற்கும்போதே, கோவலன் மனைவி என்ற மட்டில் முடித்துவிட்டார். அதே சிலையை 2001இல் பெயர்த்தெடுத்ததும் 2006இல் திரும்ப வைத்ததும் அவர் கதையில் இல்லை.

அதே சாலையில் ராணி மேரி கல்லூரி. 1914 முதல் பெண்கள் படிக்கும் இடம். வண்டி வேகம்கூடக் குறையவில்லை. 2003இல் இதை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தது. அப்போதைய முதல்வர் ஒரு பெண். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மாணவிகள் வளாகத்தைவிட்டு நகர மறுத்துப் போராடினார்கள். கல்லூரி இன்றும் நிற்கிறது. கிளைவ் கல்யாணத்துக்குப் பத்து நிமிடம் நிற்கிற வண்டிக்கு இவர்கள் வரலாறு இல்லையா?

"இங்கே நிறுத்துங்கள்" என்றாள் ஒரு மாணவி. அட்டவணையில் இல்லையாம். அடுத்த சிக்னலில் எல்லோரும் இறங்கிவிட்டோம்.