முற்றத்துக் கோழியும் மூன்று நிமிடச் சட்டியும்

அடுக்களைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

''எங்கள் வீட்டில் இருபது நாட்டுக்கோழி நிற்கிறது. ஒன்றரை ஏக்கரில் முட்டைக்கோஸும் கேரட்டும் போட்டிருக்கிறோம். ஆனால், ஒன்பதாவது படிக்கும் மகன் சந்தை நாளில் 90 ரூபாய் கொடுத்து சிக்கன் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி வருகிறான். இப்போது அவன் அப்பாவும் சேர்ந்துகொண்டார். போன மாதம் அதைச் சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் பையனுக்கு விடாத வாந்தி. வீட்டிலேயே செய்து தரலாம் என்று இரண்டு முறை முயன்றேன். நூடுல்ஸ் களியாகி, கறி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. 'உனக்கு இது வராதும்மா' என்கிறான். நாட்டுக்கோழியில் இதைச் செய்யவே முடியாதா?''

– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம் பக்கம்.

முடியும். ஆனால், கடைக்காரர் செய்கிற வழியில் செய்தால் முடியாது. அவர் கையில் இருப்பது ஆறு வாரத்தில் வளர்ந்த பிராய்லர். உங்கள் முற்றத்தில் நிற்பது ஓடியாடி மேய்ந்த கோழி. இரண்டுக்கும் ஒரே சமையல் சரிப்படாது. உங்கள் கறி ரப்பராக ஆனதற்குக் காரணம் இதுதான்.

முதலில் கோழியைப் பார்ப்போம். மேய்ந்து வளர்ந்த கோழியின் தசை உழைத்த தசை. வயது ஏற ஏற, தசைகளைக் கட்டிவைத்திருக்கும் நார் இறுகிக்கொண்டே போகும். அந்த நாரை இளக வைப்பது ஈரச்சூடும் நேரமும்தான். வாணலியில் மூன்று நிமிடம் புரட்டினால், இருக்கிற ஈரமும் வற்றி இன்னும் இறுகும். அதனால், நாட்டுக்கோழியைத் தனியே வேகவைத்துக்கொண்டு, கடைசியில்தான் நூடுல்ஸோடு சேர்க்க வேண்டும். முட்டை வைக்கத் தொடங்காத விடைக்கோழி என்றால் குக்கரில் மூன்று, நான்கு விசில் போதும். முட்டை ஓய்ந்த பெட்டை என்றால் ஆறு முதல் எட்டு விசில் வரை போகலாம். துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், தட்டிய இஞ்சி, அரை ஸ்பூன் உப்பு. வேறு எதுவும் வேண்டாம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, ஆறியதும் கறியை எலும்பிலிருந்து கையாலேயே நார்நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். கத்தியால் வெட்டிய துண்டைவிடப் பிய்த்த கறி நூடுல்ஸோடு நன்றாகப் பின்னிக்கொள்ளும்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ உயிர் எடையுள்ள கோழியைச் சுத்தம் செய்தால் சுமார் ஒரு கிலோ கறி கிடைக்கும். நூடுல்ஸுக்கு நெஞ்சும் தொடையும் போதும், நாலு பேருக்குப் பிய்த்த கறி 250 கிராம் தாராளம். முதுகு, இறக்கை, கழுத்து எல்லாம் அடுத்த வேளைக் குழம்புக்கு. வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். அதில் நாலு ஸ்பூன் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியில் மிளகு, சீரகம் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு ரசம். அந்த நாலு ஸ்பூன் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிராய்லரில் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலும்பில்லாத நெஞ்சுக்கறியின் நார் ஓடும் திசையைப் பாருங்கள். அதற்குக் குறுக்காக, விரல் கனத்தில் பாதியாக அரியுங்கள். 300 கிராம் கறிக்கு ஒரு ஸ்பூன் சோளமாவு, ஒரு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால், மாவு மேலே ஒரு பூச்சாக நின்று உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கும். உள்ளே இளஞ்சிவப்பு தெரியாமல் முழுக்க வேக வேண்டும்.

அடுத்தது களி விவகாரம். நூடுல்ஸ் களியாவது பெரும்பாலும் கொதிக்கும் பாத்திரத்திலேயே முடிவாகிவிடுகிறது. 300 கிராம் உலர்ந்த நூடுல்ஸுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். சின்னப் பாத்திரத்தில் திணித்தால், இழைகள் விடும் மாவே பசையாகி ஒன்றோடொன்று ஒட்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு இரண்டு ஸ்பூன் உப்புப் போட்டு நூடுல்ஸை விடுங்கள். பாக்கெட்டில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தால் நாலாவது நிமிடம் ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகப் பல்லில் தட்டுப்பட வேண்டும். மீதி வேக்காடு சட்டியில் நடக்கும். உடனே வடித்து, குளிர்ந்த குடிநீரை ஊற்றி அலசி, நீர் முழுக்க வடிந்ததும் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் பிசறி அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். வடித்த நூடுல்ஸைச் சூட்டோடு மூடி வைக்கவே கூடாது. உங்கள் வீட்டில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

காய்களை நீளவாக்கில் தீக்குச்சிக் கனத்தில் அரிந்துகொள்ளுங்கள். முட்டைக்கோஸ் இரண்டு கைப்பிடி, கேரட் ஒன்று, பீன்ஸ் எட்டு, வெங்காயம் ஒன்று, இருந்தால் குடைமிளகாய். கோஸும் கேரட்டும் உங்கள் காட்டிலேயே இருக்கிறது. வியாபாரி கேட்ட விலைக்கு மூட்டையாகக் கொடுத்துவிட்டு, அதையே பொட்டலத்துக்குள் நாலு இழையாக 90 ரூபாய்க்குத் திரும்ப வாங்குவதை நினைத்தால் எனக்கே மனசு கேட்கவில்லை. காயை முதலில் அரிந்துவிட்டு, பிறகு கறியைத் தொடுங்கள். பச்சைக் கறி பட்ட பலகையிலும் கத்தியிலும் காய் அரியக் கூடாது. கறியைக் குழாயடியில் பிடித்துத் தெறிக்கத் தெறிக்கக் கழுவுவதும் வேண்டாம். பாத்திரத்தில் வைத்து அலசி எடுங்கள்.

இனி சட்டி. கடை நூடுல்ஸின் வாசம் எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். அது எந்தப் பொடியிலும் இல்லை, நெருப்பில் இருக்கிறது. மெல்லிய இரும்புச் சட்டி, அடியில் சீறும் பெரிய பர்னர், ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கான அளவு. நம் வீட்டு கேஸ் அடுப்பில் அந்த வேகம் கிடையாது. அதில் நாலு பேருக்கானதையும் ஒன்றாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்துபோகும். காய் தண்ணீர் விடும். எல்லாமே வதங்காமல் அவியும். எனவே, இரண்டு இரண்டு பேருக்காகப் பிரித்துச் செய்யுங்கள். நான்ஸ்டிக் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு அது ஏற்றதல்ல. தோசைக்கல் போலப் பழகிய இரும்பு வாணலிதான் சரி.

கிராமத்து வீட்டில் டவுனுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. வாசலில் விறகடுப்பு மூட்டி, காய்ந்த தென்னம்பாளையும் மட்டையும் செருகினால், பத்து நிமிடத்துக்குச் சுவாலை குபுகுபுவென்று நிற்கும். இந்தச் சமையலுக்கு வேண்டியதும் அவ்வளவு நேரம்தான். முந்தானையை இறுகச் செருகிக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

சட்டி லேசாகப் புகையத் தொடங்கியதும் ஒன்றரை மேசைக்கரண்டி கடலை எண்ணெய். நசுக்கிய பூண்டு மூன்று பல், கொஞ்சம் இஞ்சி, உடனே வெங்காயம். அரை நிமிடத்தில் கேரட், பீன்ஸ். இன்னொரு அரை நிமிடம் கழித்து கோஸ். காய் நறுக்கென்று இருக்கும்போதே ஓரமாக ஒதுக்கி, நடுவில் ஒரு முட்டையை உடைத்துக் கிளறுங்கள். பிய்த்த கறியில் பாதி, நூடுல்ஸில் பாதி. இப்போது அந்தக் கோழித் தண்ணீரில் இரண்டு ஸ்பூனைத் தெளியுங்கள், உலர்ந்த இழை பிரியும். முக்கால் மேசைக்கரண்டி சோயா சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல், சட்டியின் சூடான விளிம்பில் சுற்றி விடுங்கள். சுர்ரென்று பொரிந்து இறங்கும். பிள்ளை தேடுகிற கடை வாசம் அந்த 'சுர்'ரில்தான் வருகிறது. அரை ஸ்பூன் மிளகுத்தூள், சில துளி வினிகர், வெங்காயத்தாள். இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் புரட்டி இறக்குங்கள். இதேபோல் அடுத்த பாதி. பிராய்லர் என்றால் முதலில் கறியை மட்டும் வதக்கி வெந்ததும் தனியே எடுத்து வைத்து, கடைசியில் சேருங்கள்.

உப்பைப் பார்த்துப் போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒருவருக்கு நாள் முழுக்க 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்பு உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் பங்கில் சாஸைக் குறையுங்கள்.

அஜினோமோட்டோ? அதை விஷம் என்று சொல்ல மாட்டேன். 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டறிந்த குளுட்டமேட் அது. தக்காளியிலும் கோழிச் சாற்றிலும் குளுட்டமேட் இயற்கையாகவே உண்டு. அதனால்தான் அந்த நாலு ஸ்பூனை எடுத்து வைக்கச் சொன்னேன்.

கடைசியாக, பையனின் வாந்தி. வாந்திக்குக் காரணம் பல இருக்கலாம். சோறு, நூடுல்ஸ் போன்றவற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியை. இதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. காலையில் வேகவைத்த நூடுல்ஸை மாலை வரை கூடையில் வெளியே வைத்தால், கிருமி பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சட்டியில் எவ்வளவு சூட்டில் புரட்டினாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கவைப்பது இதன் குணம். வீட்டிலும் இதே கதைதான். வேகவைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சமைத்துச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் பிரிட்ஜில் வையுங்கள். வாந்தி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பையனையும் அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். ஒன்பதாவது படிக்கிறவனுக்குக் கரண்டி பிடிக்கத் தெரிய வேண்டும். இரண்டாவது பாதியை அவனே புரட்டட்டும். 'உனக்கு இது வராதும்மா' என்ற பேச்சு அதன் பிறகும் வருகிறதா என்று எழுதுங்கள்.

''தினை, சாமையில் நூடுல்ஸ் என்று விற்கிறார்கள். எங்கள் குழுப் பெண்கள் சேர்ந்து சொந்தத் தினையில் செய்யலாமா? வாங்கிப் பார்த்தால் மைதா மாதிரியே இருக்கிறதே?''

– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்.

உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. முதலில் கோதுமை மாவோ மைதாவோ வந்து, தினை பின்னால் வந்தால், பெயரில்தான் தினை அதிகம்.

ஒரு காரணமும் உண்டு. கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் மாவை இழுத்தால் நீள வைக்கிறது. சிறுதானியத்தில் அது இல்லை. ஆனாலும், சீனாவின் சிங்காய் மாகாணத்து லாஜியா என்ற இடத்தில், கவிழ்ந்து மண்ணில் புதைந்த கிண்ணம் ஒன்றில் சுமார் 4,000 ஆண்டுப் பழைய நூடுல்ஸ் கிடைத்தது. அது தினையும் பனிவரகும் என்று 2005-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மாவை அச்சில் பிழிந்து அதைச் செய்திருக்கலாம் என்று பின்னர் செய்து பார்த்தவர்கள் கருதினார்கள். இது நமக்குத் தெரியாத வித்தையா? கொங்குப் பக்கத்துச் சந்தகை அதுதானே!

சந்தகை முறையே தினைக்கும் ஏற்றது. தினையரிசி இரண்டு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு. நாலு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, இட்லிபோல் வேகவைத்து, சூடு ஆறும் முன் அச்சில் பிழியுங்கள். வேகவைத்துப் பிழிந்த மாவில் ஒட்டும் தன்மை வந்துவிடுவதால், பச்சை மாவில் பிழிந்ததைவிட இழை உறுதியாக நிற்கும். சட்டியில் போடும் முன் முழுக்க ஆற வேண்டும். கரண்டியால் கிளறாமல், சட்டியை அசைத்தே புரட்டுங்கள். விற்பனைக்கு இறங்குவதாக இருந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை முதலில் வாங்கிவிடுங்கள்.

''நூடுல்ஸ் வடித்த தண்ணீரையும் மீந்ததையும் மாட்டுக்கு வைக்கலாமா? கோழிக் கழிவை மற்ற கோழிகளுக்குப் போடலாமா?''

– ஒரு வாசகர், லால்குடி.

வடித்த தண்ணீரை ஆறவைத்துத் தொட்டித் தண்ணீரோடு கலந்து வைக்கலாம். உப்பு அதிகம் போட்டிருந்தால் வேண்டாம். மீந்த நூடுல்ஸ், சோறு, மாவு எதையும் கூடையாகக் கொட்டாதீர்கள். மாவுப்பொருள் திடீரென்று அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி, அசை போடுவதை நிறுத்திப் படுத்துவிடும். கறியோ எலும்போ கலந்தது மாட்டுக்கு ஆகவே ஆகாது. அறுத்த கோழியின் குடலையும் இறகையும் மற்ற கோழிகள் கிளறும்படி குப்பையில் போட்டால், அந்தக் கோழிக்கு ஏதாவது நோய் இருந்திருந்தால் பட்டி முழுக்கப் பரவும். நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். தென்னை மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் புதைத்தால் ஒரு வருஷத்தில் மட்கி அதற்கே உரமாகும்.