பி.டி.எஸ் படித்தால் லைஃப் செட்டிலா? சேரும் முன் போட வேண்டிய கணக்கு!

நீட் ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் டயலாக் இது: ''எம்.பி.பி.எஸ் கிடைக்கலைன்னா என்ன, பி.டி.எஸ் சேர்ந்துடு. அதுவும் டாக்டர்தானே!''

டாக்டர்தான், சந்தேகமே இல்லை. ஆனால், வருமானம்?

முதலில் வருடக் கணக்கு. பி.டி.எஸ் 4 வருடம், பயிற்சி 1 வருடம். எம்.டி.எஸ்-ஸும் படித்தால் இன்னும் 3 வருடம். பிளஸ் டூ-வில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினீயரிங் நண்பர், நல்ல வேலை கிடைத்தால் 4 வருடத்திலேயே சம்பளம் வாங்க ஆரம்பித்துவிடுவார்.

அடுத்து, போட்டி. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுப் பணியிடங்களோ குறைவு. அதனால் படித்து முடித்தவர்களில் பலர் தனியார் கிளினிக்குகளில் சேர்கிறார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் ரெடி என்ற நிலையில், சம்பளம் எப்படி ஏறும்?

சரி, சொந்த கிளினிக்? டென்டல் சேர், எக்ஸ்ரே, கம்ப்ரஸர், கடை அட்வான்ஸ், வாடகை, உதவியாளர் சம்பளம் என முதல் பேஷன்ட் வரும் முன்பே செலவு ஓட ஆரம்பித்துவிடும். ரூட் கேனல் செய்து கேப் போட நாம் கொடுக்கும் பணத்திலும், கேப் செய்யும் லேபுக்கு ஒரு பங்கு போய்விடும். பெரும்பாலான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் வழக்கமான பல் சிகிச்சைக்கு கவரேஜ் கிடையாது. கைக்காசு என்பதால், வலி வந்தால்தான் வருவோம். வலி நின்னா அடுத்த சிட்டிங்குக்கு எஸ்கேப்!

அப்போ இதில் காசே இல்லையா? இருக்கு. ஒரே ஏரியாவில் பல வருடம் நின்று பெயர் வாங்கியவர்கள், பல் சீரமைப்பு, இம்ப்ளான்ட் போன்றவற்றில் தேர்ந்து பல கிளினிக்குகளுக்குப் போய்வரும் ஸ்பெஷலிஸ்ட்டுகள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஐ.டி-யில் இருக்கும் லே-ஆஃப் பயம் சொந்த கிளினிக்கில் இல்லை. 58 வயதில் ரிட்டயர்மென்ட்டும் இல்லை. ஆனால், அந்த இடத்துக்கு வரும்வரை வீட்டுச் செலவையும் கல்விக் கடனையும் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அப்பாவின் கிளினிக் இருப்பவருக்கும், லோன் போட்டுப் படிப்பவருக்கும் ஒரே டிகிரிதான்; ஒரே கணக்கு அல்ல.

அதனால், கவுன்சலிங்குக்கு முன் ஊரிலுள்ள சீனியர் டாக்டரிடம் மட்டும் விசாரிக்காதீர்கள். அவர் கிளினிக் திறந்த காலம் வேறு. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியில் 3 வருடங்களுக்கு முன் முடித்தவரைத் தேடிப் பிடியுங்கள். ''இப்போ மாசம் எவ்வளவு வருது?'' என்று தயங்காமல் கேளுங்கள். அந்தப் பதிலையும் உங்கள் லோன் இ.எம்.ஐ-யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதன்பிறகும் இந்த வேலை பிடித்திருந்தால், தைரியமாகச் சேருங்கள்!