முகப்பில் போய் உட்காருங்கள்



மார்ச் பிறந்தால் போதும், சந்தா பற்றியும் சிறுகதைப் போட்டி பற்றியும் கேட்டு வரும் அழைப்புகள் பின்னுக்குப் போய்விடும். "ஐயா, இன்கம் டேக்ஸ்லேருந்து கடிதம் வந்திருக்கு, என்ன செய்யறது?" என்பதுதான் முன்னுக்கு வரும். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் மக்கள் இன்னும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் இம்மாதப் பக்கத்தை வரிக்கே கொடுத்துவிட்டேன்.

பெட்டாலிங் ஜெயா பக்கம் கம்போங் மேடானிலிருந்து ஒரு சகோதரி பேசினார். கணவர் பகலில் கம்பெனி லாரி ஓட்டுகிறார், இரவில் சொந்தக் காரில் கிராப் வாடகைச் சவாரி. கடிதம் வந்து சில வாரங்கள் ஆகியும் பிரிக்கவே இல்லையாம். முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். "இப்பவே பிரிங்கம்மா, நான் லைன்ல இருக்கேன்" என்றேன். உறை கிழியும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக வாசித்தார். போன ஆண்டு அனுப்பியிருக்க வேண்டிய பாரம் வந்து சேரவில்லை, அனுப்பி வையுங்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் தெரிந்தவர் ஒருவர், "இருநூறு வெள்ளி கொடுங்க, ஐ.சி. நம்பரும் பாஸ்வேர்டும் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டிருக்கிறார்.

இருநூறு வெள்ளி! உள்நாட்டு வருமான வரி வாரியத்தின், அதாவது நாம் எல்எச்டிஎன் என்கிற அலுவலகத்தின், கிளைக்கு நேரில் போனால் அதே வேலையை ஒரு காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பார்கள். இன்னும் நம் வாயில் ஜாலான் டூத்தாவாகவே இருக்கும் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் அரசாங்க வளாகத்தில் பெரிய கிளை இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் உண்டு. பாரம் அனுப்பும் பருவத்தில் பேரங்காடிகளிலும் தற்காலிக முகப்புகள் திறப்பது வழக்கம். போவதற்கு முன் 03-8911 1000 என்ற எண்ணில் கேட்டு, நேரம் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். ஐ.சி., முதலாளி பிப்ரவரி முடிவதற்குள் தந்திருக்க வேண்டிய ஆண்டுச் சம்பள விவரமான இஏ பாரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ரசீதுகள், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு எண் ஆகியவை கையில் இருக்கட்டும். வந்த கடிதத்தை மறந்துவிடாதீர்கள். அதில் உள்ள எண் இருந்தால் உங்கள் கோப்பைத் தேடுவது எளிது.

இந்த இலவச உதவியை ஒரு சலுகையாக நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பெல்லாம் வருமானத்தை எழுதி அனுப்பினால் போதும். அலுவலகமே கணக்குப் போட்டு, இவ்வளவு கட்டு என்று சொல்லும். கம்பெனிகளுக்கு 2001-இலும் நம் போன்ற தனிநபர்களுக்கு 2004-இலும் சுயமதிப்பீட்டு முறை வந்தது. அன்றிலிருந்து கணக்குப் போடுவது நம் வேலை. ரசீதை ஏழாண்டு காத்து வைப்பதும் நம் வேலை. தப்பாகப் போட்டால் தண்டம் நமக்கு. அதிகாரி பார்த்துவந்த வேலையை லாரி ஓட்டுநரின் தலையில் கட்டிய பிறகு, அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை உட்கார வைப்பது அரசாங்கத்தின் கடமை. பிரிட்டனில் 2014-இல் 281 வரி விசாரணை நிலையங்களை ஒரேயடியாக மூடி, போனில் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே அந்த எண்ணம் யாருக்கும் வராமல் இருக்க வேண்டுமானால், இருக்கிற முகப்புகளுக்கு நாம் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

போனால் என்ன லாபம்? மாதம் 3,500 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 42,000. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் சேமநிதிக் கழிவு 4,000, வேலைக்குப் போகாத மனைவிக்கு 4,000, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000. எல்லாம் போக மிஞ்சுவது 21,000. அதற்கு வரி 180 வெள்ளி. வரிக்குட்பட்ட வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு என்பதால் அந்த 180-உம் அடிபட்டுப் போகும். கட்ட வேண்டியது பூஜ்யம். கம்பெனி இவர் சம்பளத்தில் மாதாமாதம் பிசிபி என்ற வரிப்பிடித்தம் செய்திருந்தால், அந்தப் பணம் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் பாரம் அனுப்பினால்தான் வரும். பயந்து ஒதுங்கியவர் தன் காசைத்தான் விட்டுவிட்டு வருகிறார்.

கிராப் ஓட்டும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு பிஇ பாரம். கெடு ஏப்ரல் 30, இணையத்தில் அனுப்பினால் மே 15 வரை விடுவார்கள். கிராப் வருமானமோ தொழில் வருமானம். பகலில் கம்பெனி வேலை பார்த்தாலும் உங்களுக்கு பி பாரம்தான். ஜூன் 30, இணையம் வழி ஜூலை 15. பெட்ரோல், சர்வீஸ், கிராப் பிடித்துக்கொள்ளும் கமிஷன் எல்லாவற்றையும் செலவில் காட்டலாம், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் போன ஓட்டத்தைக் கழித்துவிட்டு. இந்த ஒரு விவரம் தெரியாமல், வந்த தொகை முழுவதையும் லாபமாக எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. ஒன்றுமே எழுதாமல் விடுபவர்களும் உண்டு. முகப்பில் கேட்டால் இரண்டுக்கும் இடமிருக்காது.

பாஸ்வேர்டு கேட்கும் ஆளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வரி முகவராக வேலை பார்க்க வருமான வரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவின்படி நிதியமைச்சின் உரிமம் வேண்டும். "ரீஃபண்டு எடுத்துத் தர்றேன், வர்றதுல பங்கு கொடு" என்று வருபவர் இல்லாத மருத்துவச் செலவையும் வாங்காத புத்தகத்தையும் எழுதி அனுப்பிவிட்டுப் போய்விடுவார். பிடிபட்டால் கூண்டில் நிற்பது பாரத்தில் பெயர் உள்ளவர். அதே மாதிரி, "எல்எச்டிஎன்லேருந்து பேசறோம், கைது வாரண்டு இருக்கு, இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு" என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிட்டு நேரில் போய்க் கேளுங்கள்.

நிஜமாகவே பாக்கி இருந்தால்? அப்போதும் நேரில் போவதுதான் வழி. மொத்தமாகக் கட்ட முடியாதவர் தவணை கேட்டு மனுச் செய்யலாம். வாரியம் போட்ட கணக்கு தப்பு என்று நினைத்தால், மதிப்பீட்டு அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் கியூ பாரத்தில் மேல்முறையீடு செய்யலாம். கடிதத்தைப் படத்துக்குப் பின்னால் வைத்தால் அந்த 30 நாளும் அங்கேயே கழிந்துவிடும். வரி பாக்கி உள்ளவரை நாட்டைவிட்டுப் போகவிடாமல் நிறுத்த 104-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர் விமான நிலையத்தில் வைத்து அதைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

ஒரு வேடிக்கை பாருங்கள். 2012-இல் பிரிம் தொடங்கிய நாளிலிருந்து இன்றைய சும்பாங்கான் துனாய் ரஹ்மா வரை, உதவித்தொகை மனுவைக் கையாள்வதும் இதே வாரியம்தான். அதற்காக வரிசையில் நின்று, அதிகாரியோடு வாதாடி, ஜெயித்து வந்த அம்மாக்கள் கம்போங் மேடானில் எத்தனையோ பேர். அதே கட்டடம், அதே நாற்காலி. பாரம் என்றதும் மட்டும் கால் ஏன் பின்வாங்குகிறது?

கம்போங் மேடான் என்றால் வெளியார் இன்றும் 2001 மார்ச் இனக்கலவரத்தைத்தான் நினைக்கிறார்கள். அதன்பின் அங்கே வந்துபோன அமைச்சர்களும் ஆய்வாளர்களும் கொஞ்சமல்ல. வீட்டுக்குப் பக்கத்தில், வேலை முடிந்த நேரத்தில், பாரம் நிரப்பக் கற்றுக்கொடுக்கும் ஒரு மேசை அதைவிட உபயோகமாக இருக்கும் என்பது என் எண்ணம். கிளைகள் அலுவலக நேரத்தில் திறந்திருக்கும். நாள்கூலிக்காரர் அதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்தால் இலவசம் என்பது முழு இலவசமாகாது. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, பயிற்சி பெற்ற தொண்டர்கள் நூலகத்திலும் சமூகக் கூடத்திலும் உட்கார்ந்து ஏழைகளுக்கு வரிக்கணக்கு எழுதித் தருகிறார்கள். நம்மிடம் கோயில் மண்டபம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி வகுப்பறை இருக்கிறது, கணக்கியல் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு விண்ணப்பம். தேசா மெந்தாரி, கம்போங் மேடான், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் சனிக்கிழமை மாலையில் இடம் தரக்கூடிய ஆலய நிர்வாகங்கள், ஓரிரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய கணக்காளர்கள், வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். பெயர்கள் சேர்ந்ததும், அதிகாரி ஒருவரை அனுப்பும்படி பெட்டாலிங் ஜெயா கிளைக்குக் கடிதம் எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்