ஓடுற தண்ணிக்கும் தோஷம் உண்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா வந்து இறங்கினார். கார் பூட்டில் ஐந்து கேன்கள். ஒரு காலத்தில் சமையல் எண்ணெய் இருந்த பத்து லிட்டர் கேன்கள். மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் பையை மடித்து வைத்து இறுக்கியிருந்தார்.

"மலைத்தண்ணி, மாப்ள. விடியறதுக்குள்ள போயி புடிச்சேன். இன்னும் ஜில்லுனு இருக்கு, தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. உள்ளே என் தங்கை மகன், மூன்று வயது, இருபத்து மூன்று நாள் வயிற்றால் போய், மருந்து முடிந்து, அன்றைக்குத்தான் முதன்முறையாக இட்லி கேட்டிருந்தான். கொதிக்க வைத்துத்தான் கொடுப்போம் என்றேன். மாமாவின் முகம் சுருங்கியது.

"மலைத்தண்ணியக் கொதிக்க வெக்கிறதா? அப்புறம் அதுல என்னா சத்து இருக்கும்? ஓடுற தண்ணிக்குத் தோஷம் கெடயாதுடா."

இந்த ஒரு வரியை நான் பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். ஆற்றங்கரையில் கேட்டிருக்கிறேன், கோயில் வாசலில் கேட்டிருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் யார், எந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓடினால் சுத்தம். தெளிவாக இருந்தால் சுத்தம். ஜில்லென்று இருந்தால் அமிர்தம். இந்த மூன்று விதிகளை வைத்துக்கொண்டு பினாங்கில் எங்கள் ஊரான சுங்கை பாக்காப்பில் பாதிக் குடும்பங்கள் வார இறுதியில் கேனோடு கிளம்புகின்றன.

பையனுக்கு வந்தது ஜியார்டியா. புழு இல்லை, பாக்டீரியா இல்லை. ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பேரிக்காய் வடிவம், இரண்டு உட்கருக்கள் இரண்டு கண்கள் போல நம்மையே முறைத்துப் பார்க்கும். வயிற்றுப் பக்கம் ஒரு வட்டு. அதை வைத்துச் சிறுகுடல் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுவரைத் துளைத்து இரத்தத்துக்குள் போகாது. ஆனால் சாப்பிட்ட கொழுப்பு உடம்பில் சேராமல் கெடுத்துவிடும். அதனால்தான் அந்தக் கழிச்சல் தண்ணீராக மட்டும் போகாமல் எண்ணெய்ப் பிசுக்கோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு, மிதந்துகொண்டு போகும். அழுகிய முட்டை மணத்தில் ஏப்பம் வரும். இரத்தமும் சளியும் போகும் சீதபேதி வேறு, அது அமீபா போன்றவற்றின் வேலை. ஜியார்டியா இரத்தம் காட்டாது. அதனால் யாரும் பயப்பட மாட்டார்கள். பிள்ளை மட்டும் இளைத்துக்கொண்டே போகும்.

இதை முதன்முதலில் பார்த்தவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். 1681இல் தமக்கே வயிறு கெட்டபோது தம் மலத்தையே லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு டச்சுத் துணி வியாபாரிக்குத் தோன்றிய யோசனை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டி "கண்ணு பட்டிருக்கு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பக்கத்து வீட்டம்மா "சூடு, இளநீ குடுங்க" என்றார். அத்தை "பூச்சியா இருக்கும்" என்று பூச்சி மாத்திரை ஒன்றை வாங்கி வந்தார். ஒரு கிளினிக்கில் வாந்திக்கு ஒரு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். பையன் வாந்தியே எடுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் வேறொரு டாக்டரம்மாதான் மலப் பரிசோதனைக்கு எழுதினார். ஒரு தடவை போதாது, வேறு வேறு நாளில் மூன்று மாதிரி வேண்டும், இது தினமும் வெளியே வராது என்றார். மூன்றாவதில் சிக்கியது.

இனி மாமாவின் மூன்று விதிகளுக்கு வருவோம்.

ஜியார்டியா உடம்புக்கு வெளியே ஓடு போட்ட முட்டை மாதிரி ஒரு கூட்டுக்குள் இருக்கும். அதன் நீளம் 8 முதல் 12 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஐந்தாறு பேர் தோளோடு தோள் நிற்கலாம். தண்ணீரைத் தூக்கிப் பிடித்து வெயிலில் பார்த்துத் தலையாட்டும் கண்ணுக்கு இது தெரியப்போவதில்லை. நோயாளி ஒருவர் ஒரே நாளில் 100 கோடி முதல் 1,000 கோடி கூடுகளைக் கழிக்கக்கூடும். இன்னொருவர் நோயில் விழப் பத்துக் கூடுகள் போதும். அடுத்து, ஜில். குளிர்ந்த தண்ணீரில்தான் இந்தக் கூடு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாமா பெருமையோடு தொட்டுக் காட்டிய அந்தக் குளிர்ச்சி ஜியார்டியாவுக்கு ஐஸ்பெட்டி. ஓட்டமோ மேலே இருப்பதைக் கீழே கொண்டுவருகிறது. ஆறு வேறென்ன செய்யும்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பெர்கனைப் பாருங்கள்.

பெர்கன் நார்வேயின் இரண்டாவது பெரிய நகரம். ஏழு மலைகள் சூழ்ந்த ஊர் என்று பெயர். மழைக்கும் பேர்போன ஊர். குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி மலையடிவாரத்து ஸ்வார்ட்டெடிக்கெட் ஏரியிலிருந்து வருகிறது: தெளிவு, ஜில்லிப்பு, மாமா பார்த்திருந்தால் கேனோடு விமானம் ஏறியிருப்பார். 2004ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆய்வகத்திலேயே ஜியார்டியா உறுதியானது. ஏரிக்கு மேலே இருந்த வீடுகளின் கழிவுநீர்க் குழாய் கசிந்ததுதான் காரணம் என்றார்கள். தண்ணீரில் குளோரின் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஜியார்டியாக் கூட்டை அடக்க அது போதவில்லை, தடுத்து நிறுத்த வடிகட்டியும் இல்லை. ஏழுமலை இருந்தும் காப்பாற்றவில்லை. மூன்று ஆண்டு கழித்து நோயுற்றவர்களைத் திரும்பப் பார்த்தபோது 46 சதவீதத்தினருக்குக் குடல் எரிச்சல் தொல்லை இருந்தது. நோய் வராதவர்களில் அது 14 சதவீதம். தீராத களைப்பும் ஏறக்குறைய அதே கணக்கில் இருந்தது. வயிற்றால் போவது நின்றாலும் கதை முடிவதில்லை.

நார்வே. உலகத்திலேயே பணக்கார நாடுகளில் ஒன்று. அவர்களுடைய மலைத்தண்ணீருக்கே தோஷம் உண்டு. நம்முடையதற்கு இல்லையாம்.

மாமா சளைக்கவில்லை. "அது வெள்ளைக்காரன் ஏரி, தேங்கிக் கெடக்கும். இது ஓடுது." சரி, ஓடுகிறதே என்று அன்றைக்கு மத்தியானமே அவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். நம் பக்கத்து மலைகளில் அப்படி நிறைய உண்டு. ஒரு மூங்கிலைப் பிளந்து பாறையில் சொருகியிருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. எங்களுக்கு முன்னால் நான்கு பேர் கேனோடு வரிசையில். நான் கரையோரமாக மேலே ஏறினேன். இருநூறு அடி போயிருக்க மாட்டேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே பயன்படுத்திய பெம்பர்ஸ் ஒன்று ஊறிப் பெருத்துக் கிடந்தது. அதைக் கழுவிக்கொண்டு தண்ணீர் ஓடியது. கொஞ்சம் தள்ளி நேற்று யாரோ சுட்ட கோழியின் கரி, மைலோ பாக்கெட், தரையெல்லாம் குரங்குப் புழுக்கை. இறங்கி வந்து சொன்னேன். "அதெல்லாம் வர்ற வழியிலயே பாறையில அடிச்சி சுத்தமாயிரும்" என்றார்.

பாறைக்கு அந்தச் சக்தி இருந்தால் பெர்கன்காரன் பாறையைக் குழாயில் மாட்டியிருப்பான். சுற்றிலும் அதுதானே இருந்தது!

ஓடுகிற தண்ணீர் என்றவுடன் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2010இல் பகாங் மாநிலத்து லுபோக் யூவில் ஒரு தேடுதல் வேலைக்காகத் தண்ணீரில் இறங்கியவர்களுக்குக் காய்ச்சல் கண்டு எட்டுப் பேர் இறந்தார்கள். அது எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்னும் பாக்டீரியா நோயும்; நோய் வேறு. ஆனால் ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்த மலைத்தண்ணீர் பக்தர்களே வீட்டுக் குழாயைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். "குளோரின் வாடை." வீட்டுக்கு வரும் தண்ணீர் ஆற்றிலிருந்து எடுத்து, ஆலம் போட்டு அழுக்கைப் படியவிட்டு, மணலில் வடிகட்டி, பிறகு குளோரின் போட்டு வருகிறது. அந்த மணல்தான் பெர்கனில் இல்லாமல்போனது. அதை மூக்கைச் சுளித்துத் தள்ளிவிட்டு, ஒன்றுமே செய்யாத தண்ணீரை எண்ணெய்க் கேனில் பிடித்து வருவதற்குப் பெயர் ஆரோக்கியம்.

குழாய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2024 ஜனவரியில் நான்கு நாள் பினாங்கின் பெரும்பகுதியில் தண்ணீர் நின்றபோது வாளியோடு நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த ஆண்டு ஜூலை 6ஆம் தேதி எங்கள் தொகுதி இடைத்தேர்தல். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தண்ணீர்தான் பேச்சு, எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் திடீர் தாகம். தண்ணீர் நின்று திரும்ப வரும்போது முதலில் வருவதைப் பிடித்துக் குடிக்காதீர்கள், அழுத்தம் விழுந்த குழாய்க்குள் வெளியில் உள்ளதும் உறிஞ்சிக்கொண்டு வரலாம், கொதிக்க வையுங்கள் என்று ஒரு மேடையிலாவது சொன்னார்களா? நான் கேட்ட வரையில் இல்லை. தண்ணீர் வரும் என்றார்கள். வந்த தண்ணீரை என்ன செய்வது என்பது வாக்காளர் கவலை.

அந்த இடைவெளியில் நுழைந்தவர்தான் வாட்டர் பில்டர்காரர். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு விடவில்லை. மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி பிளக்கைச் சொருகினார். ஒரு நிமிஷத்தில் நம் தண்ணீர் தே தாரிக் நிறமாகி, பிறகு கோழிக்குழம்பு நிறமாகிக் கட்டி கட்டியாக மிதந்தது. அவருடையது அப்படியே இருந்தது. என் தங்கை வாயில் கை வைத்தாள். அது அழுக்கு இல்லை, அம்மா, கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து வந்த துரு. தாது உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், உப்பை நீக்கிய தண்ணீரில் ஓடாது. ஒரு சிட்டிகை உப்பை அவர் டம்ளரில் போட்டேன். அதுவும் குழம்பானது. உங்கள் பில்டரின் துளை எத்தனை மைக்ரான் என்று கேட்டேன். "ஏழு லேயர், சார்" என்றார். ஜியார்டியாவையும் அதைவிடச் சின்ன ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்தையும் நிறுத்தத் துளை ஒரு மைக்ரானுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏழு லேயர் போட்டால் அது வெங்காயம்.

பில்டர்காரரும் மாமாவும் ஒரே கட்சி. இருவருக்கும் நீதிபதி கண்தான். தெளிந்தால் விடுதலை, கலங்கினால் தண்டனை.

சத்துப் போய்விடும் என்கிறார்களே, அதுவும் ஒரு கூத்து. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் ஆனால் ஜியார்டியா செத்தது, கிரிப்டோவும் செத்தது. அந்தக் கிரிப்டோ குளோரினுக்குக் கொஞ்சமும் மசியாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய் வழியாகவே ஏறத்தாழ நான்கு லட்சம் பேரைப் படுக்க வைத்தது. தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் கொதித்தால் ஆவியாகிப் பறந்துவிடாது. பறப்பது கேஸ் காசு மட்டும்தான். அதற்குத்தான் மனசு வரவில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். சத்தை ஏன் இழுக்க வேண்டும்?

இந்த மண்ணில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு எரிச்சல். புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருந்த இந்தக் கரைக்குக் கரும்பு வெட்ட நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பேதியிலும் சீதபேதியிலும் செத்தவர்களை இந்தத் தோட்டங்களிலேயே புதைத்தார்கள். கூலிக்காரன் அழுக்கன் என்று துரை எழுதி வைத்தான். அந்தக் கூலிக்காரன் குடித்த கால்வாய் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு வேறு தண்ணீர் கொடுக்கப்படவில்லை. இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளை பெட்ரோல் செலவழித்துப் போய் அதே தண்ணீரைத் தேடிப் பிடித்து வருகிறார்.

மாமாவிடம் ஒரு நல்ல கேள்வி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். "என் தண்ணியாலதான் வந்துச்சுன்னு நீ கண்டியா? தாஸ்காவுல ஒட்டிக்கிச்சோ என்னவோ." இருக்கலாம். தாஸ்காவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பத்துப் பிள்ளைகளுக்குப் பெம்பர்ஸ் மாற்றும் கை ஒரே கை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கின் குழுவினர் குழந்தைகளுக்குப் பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் கிரிப்டோ தொற்று குறையவில்லை. தண்ணீரை மட்டும் பிடித்துக் கட்டினால் போதாது. கை இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பாட்டிலில் வரும் சானிடைசரை மட்டும் நம்ப முடியாது. ஆனால் நம் பள்ளிக் கழிவறைகளில் எத்தனையில் சோப்பு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஆண்டுவிழாவுக்கு எல்இடி திரை வாடகைக்கு எடுக்கிறார்கள், குழாயடியில் ஒரு சோப்பு வைக்க முடியவில்லை. கேட்டால் பிள்ளைகள் திருடிவிடுகிறார்களாம். திருடட்டுமே! வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினால் நல்லதுதானே.

தாஸ்காவாகவே இருக்கட்டும். அதனால் மலைத்தண்ணீருக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிடாது. பெர்கனில் யாரும் தாஸ்காவைக் காட்டித் தப்பிக்கவில்லை. ஏரியில் கசிவைத் தேடிப் போனார்கள்.

ஐந்து கேன்களையும் திருப்பி அனுப்பினால் சண்டை. தங்கை வாங்கிப் பின்கட்டில் வைத்துவிட்டாள். நாள்தோறும் காலையில் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுகிறாள். நேற்று மாமா வந்தார், பின்கட்டுக்குப் போனார், கன்றை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டார்.

"பாத்தியாடா, எப்டி தளதளன்னு இருக்கு? அதான் மலைத்தண்ணி."