நீங்கள் கேட்டவை: ஒற்றைக் குதிரை டிரெய்லரா, இரட்டையா?

‘‘என்னிடம் கத்தியவார் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, வாடகை வண்டியில் வளைவில் விழுந்து முன்னங்கால் முட்டி இரண்டிலும் தோல் உரிந்துவிட்டது. இப்போது சினையாக இருக்கிறது. இனி சொந்த ஜீப்பில் மாட்டி இழுக்க டிரெய்லர் செய்துகொள்ள நினைக்கிறேன். ஒற்றைக் குதிரைக்குச் செய்தால் செலவு குறைவு என்கிறது பட்டறை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனோ, ‘ரெண்டு குதிரைக்குச் செய் தம்பி, நானும் பாதி போடுறேன்’ என்கிறார். வீட்டிலோ, ‘முதல்ல பழைய கடனை அடைங்க’ என்கிறார்கள். எது சரி?’’

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

இந்த வாசகர் முதலில் கேட்க வேண்டியது பட்டறையை அல்ல, ஜீப்பை. அந்த வண்டி எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் ஓர் அளவு, இல்லாவிட்டால் அதைவிடக் குறைந்த அளவு. அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. மேட்டில் இழுத்துவிடலாம்; இறக்கத்தில் பின்னால் இருக்கும் எடை ஜீப்பைத் தள்ளும்போதுதான் ஆபத்து.

அடுத்து, குதிரையின் எடை. எடை மேடை இல்லாவிட்டால் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளத்தையும் செ.மீ கணக்கில் எடுக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால், சுமார் 344 கிலோ. சினைக் குதிரைக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வராது. கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளலாம்.

இரும்புச் சட்டத்தில் கட்டும் ஒற்றை டிரெய்லர் வெறுமனே 600 கிலோ என்றால், குதிரையோடு ஏறக்குறைய 950 கிலோ. இரட்டை டிரெய்லர் 950 கிலோ என்று வைத்தால், இரண்டு குதிரைகளோடு 1,650 கிலோ. கட்டும் விதத்தைப் பொறுத்து இது மாறும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பட்டறையில் வெற்று எடையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒற்றையின் லாபம், எடையும் விலையும் குறைவு. குறுகலான தோட்டத்துப் பாதையில் போகும். குறைகளும் உண்டு. அகலம் குறைந்து உயரம் மிகுந்திருப்பதால், குதிரை உள்ளே அசைந்தால் டிரெய்லரும் ஆடும். நீளம் குறைந்த டிரெய்லர் பின்னால் எடுக்கும்போது சட்டென்று மடங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், குதிரை கூட்டத்தோடு வாழும் பிராணி. இருட்டான, குறுகலான பெட்டியில் தனியாக நிற்கச் சில குதிரைகள் மறுக்கும்.

இரட்டையில் அகலம் இருப்பதால் நிலைத்து ஓடும். நடுத்தடுப்பைக் கழற்றும்படி செய்தால், தாயும் குட்டியும் ஒன்றாகப் போகலாம். அப்போது பின்பக்க மேல் திறப்பையும் மூடியாக வேண்டும்; குட்டி அதன் வழியே தாவிவிடும். தடுப்பு போட்டு ஒரே குதிரையை ஏற்றினால், அதை வலப்பக்கம் நிறுத்த வேண்டும். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து இடது ஓரத்தில் சரிந்திருக்கும். எடை இடப்பக்கம் இருந்தால் டிரெய்லர் அந்தப் பக்கமே இழுக்கும். இரண்டு குதிரைகள் என்றால், எடை கூடியது வலப்பக்கம்.

எதைச் செய்தாலும் சட்டம் ஒன்றுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கால்நடை ஏற்றும் வண்டியில் குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் தேவை. மூன்றடி அகலம், எட்டேகால் அடி நீளம் என்றால் சரியாக வரும். டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். பட்டறையில் கட்டியதைப் பதிவு செய்ய முடியுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், பயணத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கின்றன. குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கி.மீ வேகத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன.

போன ஆடியில் குதிரை விழுந்ததற்குப் பெரும்பாலும் தரையும் வேகமும்தான் காரணமாக இருந்திருக்கும். வழுக்காத ரப்பர் விரிப்பு, மெத்தை வைத்த பக்கங்கள், நெஞ்சுக்கும் பின்புறத்துக்கும் தடுப்புக் கட்டை ஆகியவை இல்லாத வண்டி ஒற்றையானாலும் இரட்டையானாலும் ஒன்றுதான். ஏற்றும்போது பின்தடுப்பைப் போட்ட பிறகே தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் பின்தடுப்பை எடுக்க வேண்டும். இது மாறினால், குதிரை பின்னால் இழுத்து, கயிறு தடுத்து, மிரண்டு விழும். தலையைத் தாழ்த்த முடியாமல் நெடுநேரம் நின்றால் நுரையீரலில் சளி தேங்கி நோய் வரும். அதனால், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தலையைத் தாழ்த்தவிட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும்.

இனி, இந்த வாசகருக்கான முடிவு. குட்டி பிறக்கப் போகிறது. பாதிச் செலவை ஏற்க ஆளும் இருக்கிறார். ஜீப் 1,650 கிலோவை இழுக்கும் என்று கையேடு சொன்னால், தடுப்பைக் கழற்றும் இரட்டையே நல்லது. யார் எப்போது எடுப்பது, டயர் செலவு யாருடையது என்று இருவரும் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் உறவும் கெடாது. ஜீப்புக்கு அந்தத் திறன் இல்லையென்றால், ஒற்றையில் பணத்தைப் போட வேண்டாம்; தாயும் குட்டியும் அதில் போக முடியாது. வருடத்துக்கு இரண்டு மூன்று பயணம்தான் என்றால், வீட்டில் சொல்வதே சரி. கடனை அடைத்துவிட்டு, ரப்பர் விரிப்பும் தடுப்புக் கட்டைகளும் சொந்தமாக வாங்கி, வாடகை வண்டியில் பொருத்திக்கொள்ளலாம். பிரசவம் நெருங்கும் மாதத்தில் மருத்துவர் சொன்னாலொழியக் குதிரையை ஏற்றவே கூடாது. இந்த ஆடிச் சந்தையைத் தவறவிட்டாலும், அடுத்த ஆடி வரும்.